முதுசமும் கணக்கும்

சென்ற கிழமை, பல்லேபொலவில் உள்ள என் இல்லத்துக்குப் பழைய மாணவன் ஒருவன் வந்தான். அவன் தந்தையார் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஆதனத்தை நிருவகிக்க நீதிமன்றம் நியமித்த சிற்றப்பர் இன்றுவரை கணக்கொன்றும் காட்டினாரல்லர். தங்கையின் படிப்புக்குத் தாயார் கடன் படுகின்றார். "கேட்டால் உறவு முறியுமே, ஐயா" என்று கலங்கினான்.

உறவுக்கு அஞ்சி உரிமையை இழப்பார் நம்மிடையே பலர். சட்டமோ தெளிவாகவே உளது. இறுதி விருப்பாவணத்தை நிறைவேற்றுபவரும், ஆவணமின்றி இறந்தாரின் ஆதனத்தை நிருவகிப்பவரும், நியமனம் பெற்ற 12 மாதங்களுள், பற்றுச்சீட்டுகளோடு சத்தியஞ்செய்து மாவட்ட நீதிமன்றில் இறுதிக் கணக்கை இடல் வேண்டும் என்பது 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் விதி. பராயமடையாப் பிள்ளைகளின் பணத்தை மன்றிலேயே கட்டிவிடலாம். உரியார்க்குச் சேரவேண்டிய பணத்தைத் தக்க காரணமின்றி ஓராண்டின் பின்னும் கையில் வைத்திருப்பவர், தம் சொந்தப் பொருளிலிருந்தே வட்டி கொடுத்தல் வேண்டும்.

ஆயினும், மன்று வீடு தேடி வாராது. உரிமையுடையார் வாய் திறவாவிடின், விதி பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கும்.

கணக்குக் கேட்டல் பகையன்று. நேர்மையாளர்க்கு அதுவே கவசம். மன்று ஏற்ற கணக்கு ஊர்ப்பழியையும் அடக்கும். ஆசிரியனைக் கணக்காயன் என்பது பழந்தமிழ் வழக்கு. அம்முறையில் நான் அவனுக்குச் சொன்னது இதுவே: "முதலில் சிற்றப்பரிடம் பணிவோடு கேள். மறுப்பின், மாத்தளைக்குச் சென்று சட்டத்தரணியைக் காண். இனியும் காலந்தாழ்த்தாதே."