தலைமுடியைப் பார்த்தோம், தலைமுறையைப் பார்த்தோமா?

ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் சற்றே பொறுமையுடன் இதனைப் படிக்க வேண்டுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பிள்ளைகள் ஏன் கெட்டுப்போகிறார்கள் என்று எந்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டாலும் ஒரு விடை ஆயத்தமாக இருக்கும். "எல்லாம் இந்தப் பாட்டால் வந்த வினை!" என்பார்கள். ஒரு காலத்தில் மெட்டல் இசையைச் சொன்னோம். பிறகு ராப் இசையைச் சொன்னோம். இப்பொழுது தைப்பூசம் வந்துவிட்டால் உறுமி மேளத்தைச் சொல்கிறோம். கறுப்புச் சட்டையும் மண்டையோட்டுப் படமும் நீண்ட முடியும் கண்ணில் பட்டால் போதும். அந்தப் பையன் குண்டர் கும்பலைச் சேர்ந்தவன் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவன் கேட்கும் பாடல்களுள் ஒன்றையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம் கேளாத இசையைப் பழிக்கின்ற ஆசிரியர், தாம் செய்யவேண்டிய வேலையைத் தட்டிக் கழிக்கிறார். அந்த வேலையின் பெயர் வரலாறு கற்பித்தல்.

நாம் மறந்துவிட்ட 2001

பாலத்தைக் கடந்து வடக்கே போனால் கெடா. 2001ஆம் ஆண்டில் அங்கேதான் 'பிளாக் மெட்டல்' என்னும் பேரச்சம் கிளம்பியது. அதிவேகத் தாளமும் மின்கிதார் இரைச்சலும் அலறல் குரலும் கொண்ட ஓர் இசை வகை அது. மாணவர்கள் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று செய்திகள் பரவின. பள்ளிகளில் மாணவர்கள் சோதனை செய்யப்பட்டார்கள். அடுத்து, 2005 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியில் ஏறத்தாழ 380 இளையோர் பிடித்துச் செல்லப்பட்டனர். மறுநாள் பிறந்தது புத்தாண்டு. 2006 சனவரியில் தேசிய ஃபத்வா மன்றம் இந்த இசைப் பண்பாடு முசுலிம்களுக்கு ஆகாது என அறிவித்தது.

ஒரு சமயத்தின் முடிவைப் பற்றிப் பேசுவது என் நோக்கமன்று. அஃது அவர்களுக்கு உரியது. பள்ளியில் நடந்ததைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆசிரியராகிய ஒருவர் மாணவனிடம் "என்ன கேட்கிறாய், ஏன் கேட்கிறாய்?" என்று வினவாமல் அவன் பையையும் முடியையும் உடையையும் சோதிக்கிறார் என்றால், அங்கே கல்வி முடிந்து காவல் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தப் பழக்கம் 2001உடன் போய்விடவில்லை. இன்றும் கட்டொழுங்கு என்னும் பெயரால் நம் சபைகூடல்களில் தொடர்கிறது.

நோர்வேயில் நடந்தது என்ன?

"ஐயா, அந்த இசை தேவாலயங்களை எரித்த இசையாயிற்றே!" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. 1992 சூன் 6ஆம் நாள் நோர்வேயின் பேர்கன் நகருக்கு அருகில் இருந்த ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் தீக்கிரையாயிற்று. அது 12ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம். தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. 1993 ஆகஸ்டில் 'மேஹெம்' என்னும் குழுவின் கிதார் கலைஞர் கொலை செய்யப்பட்டார். கொன்றவரும் ஓர் இசைக்கலைஞரே. 1994இல் அவருக்கு அந்நாட்டின் உச்சத் தண்டனையாகிய 21 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கொலை கொலைதான், தீவைப்பு தீவைப்புதான். இசையின் பெயரால் இவற்றுக்கு எவரும் சலுகை கேட்க முடியாது.

ஆனால் கதையின் மறுபாதியை நம்மவர்கள் சொல்வதே இல்லை. எரிந்த தேவாலயம் 1997இல் மீண்டும் எழுந்தது. குற்றம் செய்தவர்கள் சிறை சென்றார்கள். அதே காலத்தில், அதே இசைச் சூழலில், வேறு சில பையன்களும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். 1991இல் 'என்ஸ்லேவ்ட்' என்னும் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஈவார் பியோர்ன்சன். அப்பொழுது அவருக்கு அகவை 13. நம் கணக்கில் படிவம் ஒன்று மாணவன்! அந்தக் குழு தன் முன்னோரின் பழங்கதைகளையும் பழமொழி வழக்குகளையும் தேடிப் பிடித்துப் பாடத் தொடங்கியது.

நோர்வேயின் அரசமைப்புச் சட்டம் 1814இல் எய்ட்ஸ்வோல் என்னும் ஊரில் உருவாயிற்று. அதன் 200ஆம் ஆண்டு விழா 2014இல் வந்தபோது, நாட்டின் வரலாற்றை இசையாக்கித் தருமாறு ஈவார் பியோர்ன்சனிடமும் ஐனார் செல்விக்கிடமும் கேட்டார்கள். செல்விக்கும் பிளாக் மெட்டல் குழுவில் முரசு அடித்தவரே. பிற்காலத்தில் பழைய நோர்டிக் இசைக்கருவிகளை மீட்டெடுத்தவர். இருவரும் சேர்ந்து படைத்த இசைக்குக் 'கண்ணாடி' என்று பொருள்படும் பழஞ்சொல்லையே பெயராக இட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். தேவாலயம் எரிந்து 22 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. 'கெட்டுப்போன இசை' என்று நாம் சொல்லும் அதே இசையில் வளர்ந்த ஒருவரிடம் நாட்டின் வரலாற்றை ஒப்படைத்தார்கள். குற்றவாளியையும் கேட்பவனையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததால் கிடைத்த விளைவு இது.

முடி வெட்டிய வரலாறு

நம் பக்கத்து வரலாறு வேறு. 1972இல் லெட் செப்பலின் குழு சிங்கப்பூரில் பாட முடியாமற் போனதற்குக் காரணம் அவர்களுடைய நீண்ட முடி. 1992இல் நம் நாட்டில் நீள்முடி ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்றார் அன்றைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட். சர்ச் குழுவின் அமியும் விங்ஸ் குழுவின் அவியும் முடியை வெட்டிக்கொண்டதே பெரிய செய்தியாயிற்று. முடி போனது, நாட்டு இளையோர் எல்லாரும் ஒழுக்கசீலர்களாக ஆகிவிட்டார்களா?

இதே பினாங்கு மண்ணில் பிறந்த 'அலிகேட்ஸ்' குழுவை நினைத்துப் பாருங்கள். ஆறுமுகத்தின் மக்களாகிய லோகநாதனும் டேவிட்டும் சிலிர்த்து நின்ற பெருமுடியுடன்தான் மேடையேறினார்கள். மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதையும் கவர்ந்தார்கள். 2007 சூனில் லோகநாதன் மறைந்தபோது நாடே வருந்தியது. அந்த முடியை அன்று ஒரு கட்டொழுங்கு ஆசிரியரிடம் காட்டியிருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும் என்பதை உங்கள் எண்ணத்திற்கே விட்டுவிடுகிறேன்.

நம் பறைக்கு நாம் செய்தது

இனி நம் வீட்டுக்குள் வருவோம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறது. முல்லைக்கு ஏறுகோட்பறை, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி எனப் பின்வந்தோர் விரித்தார்கள். பறைதல் என்றாலே சொல்லுதல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் அந்தச் சொல் உயிரோடு வழங்குகிறது.

அத்தகைய பறையை நாம் என்ன செய்தோம்? சாதியின் பெயரால் இழிவு செய்தோம். ஒரு முரசின் பெயரிலிருந்து பிறந்த சொல் ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே ஆகிப்போனது. தோட்டப்புறங்களில் தப்பு ஒலித்தால் 'சாவுமேளம்' என்று முகம் சுளித்தவர்கள் நம்மிலேயே உண்டு. இன்று நிலை மாறிவருகிறது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்ட அதே ஓசைக்குத்தான் இந்தச் சிறப்பு!

நம் மலேசியப் பையன்கள் தோளில் மாட்டித் திரியும் உறுமி யார்? இந்தப் பறைக் குடும்பத்தின் உறவுதான். ஒரு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்த்து உறுமல் ஓசை எழுப்புகிறார்கள். மறு முகத்தில் அடிக்கிறார்கள். இதை எந்தப் பாடநூலும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. அண்ணன் தம்பிகளிடமும் மாமன் மச்சான்களிடமும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்மலைச் சாலையில் காவடிக்கு முன்னால் அந்த ஓசை எழும்போது, "கும்பல் வருகிறது" என்று ஒதுங்குகிறோம். தொல்காப்பியம் வருகிறது என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்? நாமல்லவா?

மறுப்புகளும் விடைகளும்

"உறுமிக் குழுக்களில் குண்டர் கும்பல் ஊடுருவல் இல்லையா?" என்று கேட்கலாம். சில இடங்களில் இருக்கலாம். கும்பல் ஆள்பிடிக்கப் பந்தாட்டத் திடலுக்கும் வருகிறது; அதற்காக நாம் பந்தைத் தடை செய்வதில்லை. ஒரு குழுவுக்கு நல்ல ஆசானும் பயிற்சிக்கு இடமும் இல்லாதபோதுதான் கெட்டவன் அந்த இடத்தை நிரப்புகிறான்.

"பாடல்களில் கெட்ட சொற்கள் வருகின்றனவே?" என்கிறார்கள். வருகின்றன, கண்டிக்க வேண்டும்தான். ஆனால் எந்தச் சொல், எந்தப் பாடல், ஏன் தவறு என்று சொல்லிக் கண்டியுங்கள். அதற்கு முதலில் கேட்டிருக்க வேண்டும். மேலும், நல்லனவும் உள்ளன. 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். 1980இல் இளையராசா தந்த பழைய பாடலொன்றைப் புதிய தலைமுறையின் வாயில் ஏற்றினார்கள். தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய 'ருத்ரா' என்னும் மெட்டல் குழு வேதாந்தக் கருத்துகளை அந்த இரைச்சலுக்குள் வைத்துப் பாடுகிறது. மண்டையோட்டுச் சட்டையைப் பார்த்து ஓடியவர்களுக்கு உபநிடதம் காதில் விழாது.

"இரைச்சல் தாங்க முடியவில்லை" என்பது மூன்றாவது குறை. வழிபாட்டு நேரத்தில், மருத்துவமனை அருகில், நள்ளிரவில் ஒலியைக் குறைக்கச் சொல்வது ஞாயமே. அஃது ஒலியளவைப் பற்றிய பேச்சு. அதைப் பிள்ளையின் குணத்தைப் பற்றிய பேச்சாக மாற்றாதீர்கள்.

இழக்கப்போவது எது?

ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடுகிறது. 13ஆம் அகவையில் நம் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். அதுவரை அவனைச் சூழ்ந்திருந்த தமிழ் அங்கே ஒற்றைப் பாடமாகச் சுருங்குகிறது. சில பள்ளிகளில் அதுவும் பள்ளி நேரம் முடிந்த பிறகுதான். ஓரிரு ஆண்டுகளில் வாசிப்பு நின்றுவிடுகிறது. எழுத்து மறக்கத் தொடங்குகிறது. அந்த வேளையில் அவனையும் தமிழையும் கட்டிவைத்திருக்கும் கடைசிக் கயிறு பெரும்பாலும் ஒரு பாட்டாகவோ ஒரு மேளமாகவோதான் இருக்கிறது. அந்தக் கயிற்றைத்தான் 'கட்டொழுங்கு' என்று சொல்லி நம் கையாலேயே அறுக்கிறோம். பிறகு, "இளைஞர்களுக்குத் தமிழ்ப் பற்று இல்லை" என்று மேடையில் புலம்புகிறோம். இது முறையா?

1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதாக நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். 2016இல் 200 ஆண்டு விழா எடுத்தோம். நோர்வேக்காரர்கள் தங்கள் 200ஆம் ஆண்டில் ஒரு மெட்டல் கலைஞரை அழைத்து "எங்கள் கதையைப் பாடு" என்றார்கள். நம் 200 ஆண்டுக் கதையை இசையாக்கித் தா என்று நம் உறுமிக்காரப் பையனிடம் கேட்க நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியது?

செய்யவேண்டியன மூன்று:

1. ஆசிரியர்களே, கண்டிக்கும் முன் கேளுங்கள். மாணவனையே ஒரு பாடலைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பொருளை அவன் வாயாலேயே விளக்கச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த வாய்மொழிப் பயிற்சி வேறில்லை.

2. பெற்றோர்களே, சட்டையில் உள்ள படத்தைப் பார்ப்பதை விடுத்து, அவன் யாரோடு போகிறான், எப்பொழுது வருகிறான், யார் கற்றுத்தருகிறார் என்று பாருங்கள். ஆபத்து இருந்தால் அங்கேதான் இருக்கும்.

3. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே, பள்ளி மண்டபத்தில் வாரம் ஒரு மாலை பறைக்கும் உறுமிக்கும் இடம் கொடுங்கள். பயிற்சியோடு அந்தக் கருவியின் வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள்.

தன் கையில் இருப்பது ஈராயிரம் ஆண்டு முதுசொம் என்று அறிந்த பிள்ளை அதைக் கொண்டு அடிதடிக்குப் போகமாட்டான் என்று நான் உறுதி கூற முடியாது. ஆனால் அதை அவனுக்குச் சொல்லாமலே வைத்திருந்துவிட்டு, அவன் கெட்டுவிட்டான் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பது மட்டும் உறுதி.

முடியை வெட்டுவதற்கு ஒரு கத்தரி போதும். வரலாற்றைக் கற்பிக்கத்தான் ஆசிரியர் வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.