ஏட்டைப் பாராமல் ஏசுவோர்

அண்மையில் புதுக்கோட்டையில் ஓர் இலக்கியக் கூடுகை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் வீட்டில் ஓடும் சிறு கணினியைப் பற்றிப் பேச்சு வந்தது. "தமிழ் வாத்தியாருக்கு எதற்கையா இந்தச் சூதாட்டம்?" என்றார் நண்பர். நல்ல கவிஞர். சுற்றியிருந்தோர் சிரித்தனர். அச்சிரிப்புக்கு மறுமொழி சொல்லாமல் இருக்க இயலவில்லை.

நம் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருப்பது உள்ளங்கையளவு ராஸ்பெர்ரி பை கணினியும் இரண்டு டெராபைட் சேமிப்பகமும். உண்ணும் மின்சாரம் பத்து வாட் அளவே. அதில் ஓடுவது பிட்காயின் வலைப்பின்னலின் ஒரு கணு, நோட் என்பார்கள். 2009 ஜனவரி 3 அன்று எழுதப்பட்ட முதற்பக்கம் தொடங்கி இன்றுவரையிலான பேரேட்டின் முழுப்படியும் அதனிடம் உண்டு. ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பக்கத்தை வரிவரியாகச் சோதிக்கிறது: கையொப்பம் மெய்யா, ஒரே காசு இருமுறை செலவாகிறதா, இரண்டு கோடியே பத்து இலட்சம் என்ற வரம்பு மீறப்படுகிறதா? பிழையிருந்தால் ஏற்பதில்லை. இதற்காக நமக்கு ஒரு சல்லியும் வருவதில்லை. மின்சாரத்தை விழுங்குவது 'மைனிங்' எனும் வேறு தொழில். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கி ஏசுவது, அச்சகத்தின் இரைச்சலுக்காக மெய்ப்புத் திருத்துபவரை வைவது போன்றது.

அம்மன் காசு புழங்கிய மண் இது. தொண்டைமான் சமஸ்தானம் அடித்த அச்சின்னஞ்சிறு செப்புக்காசின் ஒருமுகத்தில் பிரகதாம்பாள். மறுமுகத்தில் தெலுங்கில் 'விஜய'. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. எத்தனை காசு அடிக்கப்பட்டது என்பதை அரண்மனை அறியும். குடிகள் நம்பினார்கள், அவ்வளவே. வீட்டுக்கணு அந்த எண்ணிக்கையைக் குடிகளின் கையில் தருகிறது.

எண்ணி என்ன பயன் என்பார் உண்டு. 2017 மே மாதம் பெருநிறுவனங்களும் மைனிங் முதலாளிகளும் நியூயார்க்கில் கூடிப் பக்கத்தின் கொள்ளளவை இரட்டிப்பாக்க உடன்பட்டனர். பேரேடு விரைந்து வீங்கினால் சிறு கணினிகள் தாங்கா என்று கணு வைத்திருந்தோர் பலர் மறுத்தனர். அவ்வாண்டு நவம்பர் 8 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

படியெடுத்தலின் அருமையைத் தமிழ் படித்தவனுக்கா சொல்ல வேண்டும்? உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது ஒரே ஏட்டை நம்பியா? பாடபேதம் பற்றி இரண்டு மணிநேரம் பேசவல்ல நம் நண்பர், பணத்தின் ஏடு மட்டும் எவரிடமோ இருக்கட்டும் என்கிறார்.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் ஒரு கணு அணைந்தால் பேரேட்டுக்கு இழப்பில்லை. மின்சாரம் மீண்டதும் விட்ட பக்கங்களைப் பிற கணுக்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். (மின்வெட்டொன்றில் சேமிப்பகம் பழுதாகி, நாம் முதற்பக்கத்திலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் மீண்டும் சரிபார்த்தது தனிக்கதை. இப்போது சிறு யுபிஎஸ் வைத்திருக்கிறோம்.)

சூதாடிகள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. மாதம் பத்து விழுக்காடு வீதம் பதினெட்டு மாதம் தருவதாக வாக்களித்த 'கெய்ன் பிட்காயின்' திட்டத்தில் நாடெங்கும் மக்கள் பணமிழந்தனர். அதை நடத்தியவர் 2018இல் கைதானார். இப்போது 'நோட் வாங்குங்கள், வருமானம் வரும்' என்று திருமண மண்டபங்களில் கூட்டம் போடுகிறார்கள். நம் மாணவர் ஒருவரின் தந்தை நிலத்தை ஈடு வைத்து அப்படியொரு கூட்டத்தில் பணம் கட்டியிருந்தார். கைபேசித் திரையில் நாள்தோறும் ஏறும் எண்ணே அவருக்குச் சாட்சி. காசு எந்தப் பேரேட்டில் இருக்கிறது ஐயா என்று கேட்டோம். கேள்வியே அவருக்குப் புதிதாக இருந்தது. வீட்டுக்கு அழைத்து அலமாரியின் முன் அமரவைத்தோம். அவர்கள் கொடுத்திருந்த பிட்காயின் பரிமாற்ற எண்ணை நம் கணுவில் தேடினோம்.

அப்படியொரு வரியே இல்லை.