குடிவழி காட்டும் ஏடுகள்

செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே சில கல் தொலைவில், சதுரங்கப்பட்டினம் என்னும் பழைய துறைமுகப்பட்டினம் உள்ளது. ஆங்கே டச்சுக்காரர் எழுப்பிய செங்கற்கோட்டையும், அதனுள் அவர்தம் கல்லறைகளும் இன்றும் காணப்படுகின்றன. கல்லறைகளின்மேல் கிடத்திய கற்பலகைகளில், இறந்தோர் பெயரும் நாளும் அழகிய சிற்ப வேலைப்பாட்டோடு பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வணிகரை அக்கரைக்கு ஈர்த்தது, அவ்வூரிலும் சுற்றிலும் நெய்யப்பட்ட மெல்லிய துணியாகும். துணி வாங்க வந்தவர் பெயர் கல்லில் நிற்கிறது. துணி நெய்தவர் பெயரோ அங்கு எந்தக் கல்லிலும் இல்லை.

தம் முன்னோர் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதற்கண் உணர வேண்டுவது இதுவே. ஏடுகளும் கல்லும் எல்லாரையும் ஒருபடித்தாக எழுதி வைக்கவில்லை. அஃது அறியாது, தம் குடி ஏதேனும் ஓர் அரச மரபிற் கிளைத்தது என முன்னரே முடிவு கட்டிக்கொண்டு, அதற்கேற்ற சான்று தேடி அலைவார் சிலர். அவர் தேடுவது பெருமையேயன்றி வரலாறு அன்று. உழுதவரும், மீன் பிடித்தவரும், தறி நெய்தவரும், மண் சுமந்தவருமாகிய முன்னோரை உள்ளவாறே காண விழைவோருக்கு இம்மாவட்டத்தில் ஏடுகள் இல்லாமற் போகவில்லை. அவை எங்கே, எதற்காக எழுதப்பட்டன என்று அறிதலே அருமை.

1763-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, செங்கற்பட்டு நாட்டைக் கும்பினியாருக்குச் சாகீராக அளித்தார். வரி தண்டுவதற்கு முன் நாட்டின் நிலையை அறிய விரும்பிய கும்பினியார், தாமசு பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ ஈராயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தனர். அக்கணக்கிற்கு மூலமாய் இருந்தவை ஊர்க் கணக்கர் தமிழில் எழுதிய ஓலைகள். ஒவ்வோர் ஊரிலும் நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரியும் குளமும் எத்துணை, எவ்வெக் குடியினர்க்கு எத்தனை வீடு, விளைந்த நெல்லில் கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் குயவருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு பங்கு என்பவற்றை அக்கணக்குகள் கூறுகின்றன. ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேணப்படுகின்றன. ஆங்கிலச் சுருக்கம் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. கடற்கரையை அடுத்த திருப்போரூரின் கணக்கு, வடக்குப்பட்டு என்னும் ஊரின் கணக்கோடு சேர்ந்து அச்சேறியுமுள்ளது. இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன் தம் ஊர் எவ்வாறு இருந்தது என்று வியப்போர், அதனை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

பிற்காலத்து நிலவரித் திட்டத்தின்போது எழுந்த பதிவேடுகள் வேறு வகையின. அவற்றில் புல எண்ணும் பரப்பும் பட்டாதாரர் பெயரும் வரிசையாக இருக்கும். இன்று பட்டாவும் சிட்டாவும் வில்லங்கச் சான்றும் அரசின் இணையதளங்களிலேயே கிடைக்கின்றன. நிலம் உடைய குடும்பத்தார் இவ்வேணியைப் பற்றிக்கொண்டு பல தலைமுறை மேலே ஏறலாம். நிலமே இல்லாதார் என் செய்வர்?

அக்கேள்வி செங்கற்பட்டில் சிறியதொன்றன்று. 1891-இல் இம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர் என்பார், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். உழைப்பவர் அவரேயாயினும் உழும் நிலம் அவரதன்று என்பதையும், குடியிருக்கும் மனையின்மீதும் அவருக்கு உரிமை இல்லை என்பதையும், அவர் நிலம் பெறுவதை மிராசுதாரர் தடுத்தனர் என்பதையும் அதில் விளக்கினார். அதன் பயனாக 1892-இல் அரசு அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் எனப் பின்னர் வழங்கியது அதுவே. அதற்கு முன் நிலப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடுவது, ஓட்டைச் சல்லடையில் நீர் முகப்பதை ஒக்கும்.

ஆயினும் அவருள் ஒரு சாரார் பெயர் மிக விரிவாக எழுதப்பட்டுள்ளது. நிலப் பதிவேட்டிலன்று, கப்பற் பதிவேட்டில். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் பணிபுரியத் தமிழ் மக்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டனர். ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16-ஆம் நாள் நேட்டால் நாட்டின் தர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை அந்நாட்டிற்குச் சென்றோர் 1,52,184 பேர். அவருட் பெரும்பாலார் சென்னையிலிருந்து சென்றவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியன பத்தி பத்தியாக எழுதப்பட்டன. தப்பியோடினால் பிடித்துக் கொணர்தற்கும் அவை பயன்பட்டன என்பதை மறத்தலாகாது. அன்பினால் எழுதப்பட்ட ஏடு அன்று அது. எனினும் நெற்றியில் ஒரு தழும்பு என்று எழுத்தர் குறித்த அச்சிறு குறிப்பினால் பேரனின் பேரன் இன்று தன் முன்னோனை அடையாளம் காண்கிறான். ஊரில் இருந்தவரை ஒருவரும் எழுதி வையாத பெயர், ஊரை விட்டு நீங்கும் நாளில் எழுதப்பட்டது!

அப்பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டு, இன்று இணையத்தில் தேடத்தக்கனவாய் உள்ளன. மொரீசு நாட்டின் மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனமும் அத்தீவுக்குச் சென்றோரின் பதிவேடுகளையும் நிழற்படங்களையும் காத்து வருகிறது.

இணையம் தரும் வசதி பெரிது. அதனால் வரும் பிழையும் சிறிதன்று. தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று நிலையாக இருந்ததில்லை. தந்தை பெயரே மகனுக்கு முன்னெழுத்து. ஆதலின் முனுசாமி என்று தேடினால் நூற்றுக்கணக்கான முனுசாமிகள் வந்து நிற்பர். அவருள் ஒருவரைத் தம் பாட்டனாராகத் தெரிந்துகொண்டு, பிறர் வரைந்த மரபுமரத்தில் ஒட்டவைத்துவிடுதல் சிலருக்கு எளிதாக இருக்கிறது. ஊர்ப்பெயரோ வெள்ளைக்கார எழுத்தரின் செவியிற் பட்டுச் சிதைந்திருக்கும். சதுரங்கப்பட்டினம் அவர்க்குச் ‘சட்ராசு’, கோவளம் ‘கோவ்லாங்’, மாமல்லபுரம் ‘செவன் பகோடாசு’. பெரிய ஊர்களே இப்பாடு பட்டனவெனின் சிற்றூர்களின் நிலை சொல்ல வேண்டா. அன்றியும், அக்காலச் செங்கற்பட்டு ஜில்லா வேறு, 2019-இல் அமைந்த இன்றைய மாவட்டம் வேறு. பொன்னேரியும் திருவள்ளூரும் காஞ்சிபுரமும் அன்று அதனுள் அடங்கியிருந்தன. இஃது அறியாதார் திருவள்ளூர்ப் பக்கத்து ஊரைத் திருக்கழுக்குன்றத்தில் தேடி இளைப்பர்.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர் ஒரு சுவடியை மட்டும் நம்பினாரல்லர். பல பிரதிகளைத் தொகுத்து, ஒப்புநோக்கி, பாடம் இன்னதெனத் துணிந்தனர். குடிவரலாற்றுக்கும் அம்முறையே உரியது. கப்பற் பட்டியலிலுள்ள தந்தை பெயரும் ஊரும் வயதும் வேறோர் ஆவணத்தோடு பொருந்தினாலன்றி உறவு கொண்டாடுதல் தகாது. பொருந்தாவிடின், ஐயம் என்றே எழுதி வைத்தல் வேண்டும்.

தேடல் தொடங்குமிடம் காப்பகமும் அன்று, இணையமும் அன்று, வீட்டுத் திண்ணையே. பெட்டியடியிற் கிடக்கும் பழைய பத்திரம், பாட்டனார் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, திருமண அழைப்பு, மொய்ப் புத்தகம் இவையெல்லாம் ஆவணங்களே. ஊர்க் கணக்கர், முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. அவர்களுள் ஊர்க் குடிகளின் கிளைவழியெல்லாம் மனத்திற் கொண்டிருந்தோர் பலர். அந்நினைவும் அவரோடு குறைந்து வருகிறது. வீட்டிலுள்ள முதியோரைக் கேட்கும்போது, பாட்டன் பெயரைக் கேட்கும் மாணாக்கர் பாட்டியின் பிறந்த ஊரைக் கேட்பதில்லை. நிலப் பதிவேட்டிலும் பெண்டிர் பெயர் அரிது. கப்பற் பட்டியலில் மட்டும், ஆடவர்க்குப் போலவே அவர்க்கும் தனி எண்ணும், தந்தை பெயரும், பிறந்த கிராமமும் எழுதப்பட்டுள்ளன. கடல் கடவாது இங்கேயே இருந்து மறைந்த பாட்டிமார்க்கு அவ்வாறு ஓர் ஏடு இல்லை. அவர் பெயரையும் ஊரையும் அறிந்தோர் வீட்டில் ஒருவரோ இருவரோ இருப்பர். அவர் சொல்ல, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.