புகை?

அப்பாவைப் பேச்சுப் பயிற்சிக்கு ஈப்போ அழைத்துப் போகும் வழி. சிலிம் ரிவர் தாண்டியதும் அவருடைய பழைய டீசல் பிக்அப் இருமி இருமி நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். எஞ்சின் வேகமாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருகப் போனேன்.

“பேட்டரி,” என்றார் அப்பா, கையைத் தடுத்து. லோரி ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு எல்லாம் ஒற்றைச் சொல்தான்.

“புகை?”

பின்னால் போய்ப் பார்த்தேன். துளி புகை இல்லை. அப்படியென்றால் எண்ணெய் எஞ்சினுக்குப் போகவே இல்லை.

“காத்து.”

முந்தின நாள்தான் பட்டறையில் ஃபில்டர் மாற்றினார்கள். அதன் ஓரம் ஈரமாக இருந்தது. கையால் இறுக்கினால் இன்னும் அரைச் சுற்றுப் போகிறது! பெட்ரோல் காரென்றால் பிளக்கைச் சந்தேகிப்பேன். டீசலில் அது கிடையாது, அழுத்தச் சூட்டில் எரிவது. குழாயில் காற்று புகுந்தால் அவ்வளவுதான். காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரை அடங்கி வெறும் டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தினேன். திருகை மூடி ஸ்டார்ட் செய்ததில் மூன்றாம் முறை பிடித்தது.

ஈப்போவில் பயிற்சியாளர், “ஒரு வார்த்தை சொல்லுங்க அங்கிள்,” என்றார்.

“ஃபில்டர்,” என்றார் அப்பா, என்னைப் பார்த்து.