சாமையும் கல்லீரலும்

கொல்லிமலை மேட்டு நிலங்களில் முன்பு சாமையும் தினையும் செழித்தன. பிறகு மரவள்ளி பரவியது. ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுக்கின்றன. விவசாயியைக் குறை சொல்ல முடியுமா?

ஆனால் உடம்பு வேறு கணக்குப் போடுகிறது. 100 கிராம் மரவள்ளிக் கிழங்கில் புரதம் 1 அல்லது 2 கிராம்தான். சாமையில் பல மடங்கு அதிகம். உண்ட புரதம் அமினோ அமிலங்களாகிறது. கல்லீரலில் ‘குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ்’ என்ற நொதி, குளூட்டமேட்டின் நைட்ரஜனை அம்மோனியாவாகக் கழற்றுகிறது, மிச்சம் எரிபொருள். அம்மோனியா நஞ்சல்லவா? அதை உடம்பு யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளுகிறது. அந்த நொதியும் புரதமே! சாப்பாட்டில் புரதம் இல்லையென்றால் அதைச் செய்யச் சரக்கு ஏது?

சாமை குறைந்ததற்கு உரலில் குத்தும் பாடும் ஒரு காரணம். பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சில மலையூர்களில் உமி நீக்கும் இயந்திரம் வைக்க உதவியது. ஊருக்கு ஊர் அது வேண்டும். ரேஷன் கடையிலும் சாமை அரிசி கிடைக்கட்டும்.