ஊறல் வேறு, வடிப்பு வேறு

மதுரைப் பரவை காய்கறி மார்க்கெட்டின் பின்புறமாகச் சித்திரை, வைகாசி மத்தியானத்தில் நடந்தால் ஒரு வாடை மூக்கில் ஏறும். விலை போகாத தக்காளியும் அடிபட்ட பழமும் வெயிலில் கிடந்து புளிக்கும் வாடை. யாரும் உறை ஊற்றவில்லை, யாரும் கிண்டவில்லை. இனிப்பும் ஈரமும் வெக்கையும் சேர்ந்த இடத்தில் காற்றிலும் தோலிலும் இருக்கும் ஈஸ்ட் தானாக வேலையைத் தொடங்கிவிடுகிறது. பீர், கள், ஒயின் எல்லாம் இதிலிருந்து பிறந்தவைதான். மனிதன் செய்ததெல்லாம் அதைப் பானைக்குள் கொண்டுவந்து, எப்போது நிறுத்துவது என்று கற்றுக்கொண்டதுதான்.

என் அக்கா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இரண்டு வருடமாக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலேயே பீர் ஊறவைக்கிறான். விற்க அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. சிலர் மீன் தொட்டி வைப்பதைப் போல, சிலர் மாடியில் ரோஜா வளர்ப்பதைப் போல. எப்படிச் செய்கிறாய் என்று போனில் கேட்டேன். "அம்மா கேப்பையை முளைகட்டி, காயவச்சு, மாவாக்குவாங்கள்ல மாமா? அதையேதான் இங்க பார்லியில செய்யிறாங்க. கடைசியில உறை ஊத்திட்டுப் பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான்" என்றான். அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

அவன் சொன்னது அறிவியல்படியும் சரி. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். தானியம் முளைவிடும்போது அதற்குள் அமிலேஸ் என்ற நொதி உண்டாகிறது. முளைத்த பார்லியைக் காயவைத்து உடைத்து, 65 முதல் 67 டிகிரி சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்த நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். சூடு அதிகமானால் நொதி செத்துப்போகும், குறைந்தால் வேலை மந்தமாகும். இந்த இனிப்பு நீரை வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். ஹாப்ஸ் கசப்பும் மணமும் தரும், கெடுக்கிற நுண்ணுயிர்களையும் தள்ளிவைக்கும். பிறகு சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். 20 லிட்டருக்கு நாலரை கிலோ மால்ட், நாற்பது ஐம்பது கிராம் ஹாப்ஸ், 11 கிராம் பொட்டலம் ஒன்று ஈஸ்ட்: ஏறக்குறைய இதுதான் கணக்கு.

சாமான்களும் பெரிதில்லை. ஒரு பெரிய குண்டான், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, உள்ளே உண்டாகும் கரியமில வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய், ஒரு வெப்பமானி, ஓர் அடர்த்திமானி. பால்காரரின் பாலில் தண்ணீர் பார்க்கிற கருவியின் உறவுக்காரன்தான் இந்த அடர்த்திமானி. தொடக்கத்தில் 1.050 காட்டி, இரண்டு வாரம் கழித்து 1.010 காட்டினால், குறைந்த சர்க்கரை ஆல்கஹாலாகிவிட்டது என்று பொருள். ஏறக்குறைய 5 சதவீதம். பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை போட்டால் உள்ளேயே மறுபடி கொஞ்சம் புளித்து நுரை பிடிக்கும். கை தாராளமாகப் போனால் பாட்டில் வெடிக்கும். எல்லாவற்றையும்விடப் பாத்திரச் சுத்தம் முக்கியம். அவன் செலவழிக்கிற நேரத்தில் பாதி கழுவுவதற்கே போகிறதாம்.

இதில் நமக்கு அந்நியமானது ஹாப்ஸ் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒரு காலத்தில் தமிழ் வீட்டுக்குள் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் விருந்தினருக்குத் தரும் ஒரு பானத்தின் செய்முறை வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைத்த தானியத்தை இடித்த மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விளைந்த பின் கையால் பிழிந்து எடுக்கிறார்கள். ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும் என்பதும், முளையின் மாவே களியை இனிப்பாக்கும் என்பதும் அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறது. தானியம், முளை, சூடு, காலம் என நான்கும் வரிசையாகச் சொல்லப்பட்ட அந்தக் குறிப்பைப் பீர் காய்ச்சுகிற எவரிடம் காட்டினாலும் தன் தொழில் என்று அடையாளம் கண்டுகொள்வார். பீரை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது நம் இலக்கியத்தை நாமே சரியாக வாசிக்காததால்தான்.

இன்று அதே களியையும் முளைமாவையும் பரவையில் ஒருவர் சாடியில் வைத்தால் என்ன ஆகும்? 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அவர் குற்றவாளி. ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைப்படுத்திய சட்டம் அது. இன்றும் தமிழ்நாட்டில் மதுவை ஆள்வது அதே சட்டம்தான். அதன் 4-ஆவது பிரிவு மது செய்வதை மட்டும் குற்றமாக்கவில்லை, செய்வதற்கான பொருளையும் பாத்திரத்தையும் கருவியையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. மது என்பதற்கு அது தரும் விளக்கத்துக்குள் சாராயம், கள், ஒயின், பீர் எல்லாம் அடங்கும். ஆல்கஹால் உள்ள எந்தத் திரவமும் அடங்கும்.

அதே மாநிலத்தில் 1983-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் நடத்துகிறது. மதுவால் அரசுக்கு வரும் ஆண்டு வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள ஸ்ட்ராங் பீரை அரசே விற்கலாம், 5 சதவீதப் பீரைக் குடிமகன் தன் வீட்டில் ஊறவைக்கக் கூடாது. உடல்நலம் காரணம் என்று இதற்குச் சொல்ல முடியாது. வருவாய் காரணம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஜப்பான் 1899-இல் வீட்டில் சாகே செய்வதைத் தடை செய்தபோது வரிக்காகவே செய்தது. இன்றும் அங்கே வீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உண்டாக்க அனுமதி இல்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 18 வயது நிரம்பியவர் தன் வீட்டில், தன் குடும்பத்துக்காக, மாதம் 30 லிட்டர் வரை பீரோ ஒயினோ ஊறவைத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது. வடிக்கவே கூடாது. எச்சில் துப்பினாலும் அபராதம் போடுகிற நாடு அது. அங்கே இந்த 30 லிட்டர் என்ற அளவு யோசித்து வைக்கப்பட்டதாகவே எனக்குப் படுகிறது: பொழுதுபோக்குக்காரர் ஒரு தடவை காய்ச்சுவது இருபது லிட்டர் சொச்சம், மாதத்துக்கு ஒரு தடவை காய்ச்சலாம், வியாபாரம் செய்ய முடியாது. பிரிட்டன் 1963-இல் வீட்டுப் பீருக்கு உரிமம் வாங்கும் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்த பிறகும் வீட்டுப் பீர் மட்டும் சட்டத்துக்கு வெளியே கிடந்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகே விடுதலை கிடைத்தது. இந்த எல்லா நாடுகளிலும் ஒரு கோடு பொதுவாக இருக்கிறது. ஊறவைப்பது ஒன்று, வடிப்பது வேறு.

நம் போலீஸ் செய்திக்குறிப்பில் "சாராய ஊறல் அழிப்பு" என்று அடிக்கடி வரும். ஊறலும் சாராயமும் நம் காதில் ஒரே சொல்லாக ஒட்டிவிட்டன. உண்மையில் ஊறல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆல்கஹால் ஓரளவுக்கு மேல் ஏறினால் அதை உண்டாக்கிய ஈஸ்டே அதில் சாகும். நெருப்பு மூட்டி ஆவியாக்கிக் குளிரவைக்கும்போதுதான் அந்த வரம்பு உடைகிறது. உயிர் பறிப்பது அதற்கும் அடுத்த படி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தது எந்தப் பானையில் புளித்த எதனாலும் அல்ல. ஆலைகளுக்கான மெத்தனால் கலந்த சரக்கால். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்கிறது. பிழைத்தவர்களும் பார்வை இழப்பது அதனால்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அரசு சட்டத்தைத் திருத்தி ஆயுள் சிறை வரை தண்டனையைக் கூட்டியது. கூட்டியது சரி. மெத்தனால் கலப்பவனையும் முளைமாவு ஊறவைப்பவனையும் தனித்தனியே எழுதியிருக்க வேண்டிய நேரமும் அதுதான். அது நடக்கவில்லை.

எதிர்வாதங்களில் ஒன்று எனக்கு உண்மையாகவே கனமாகத் தெரிகிறது. கடைக்குப் போய்க் குடிப்பவன் வீட்டிலேயே காய்ச்சினால் மனைவியும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? மதுக்கடையை மூடச் சொல்லிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் உயிர்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்களின் துயரத்தைத் தொடாமல் இந்தப் பேச்சைப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வீட்டைச் சாய்ப்பது ஐந்து நிமிடத்தில் கையில் கிடைத்து அரை மணி நேரத்தில் தலைக்கேறும் குவார்ட்டர். மூன்று வாரம் காத்திருந்து, கழுவிக் கழுவிக் கை தேய்ந்து, 5 சதவீதத்தில் முடியும் ஒன்றைக் குடிநோயாளி நாட மாட்டான். அவனுக்கு வேண்டியது வேகம். இந்த வேலையில் அது கிடையாது.

இன்னொரு சிக்கல், யாருக்கு அனுமதி என்பது. இதை நினைக்கும்போது என் அக்கா மகன் பக்கத்திலிருந்தும் நான் கொஞ்சம் விலகி நிற்கிறேன். மதுரைக் கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டிப் பிடிக்கும். பீரில் வழக்கமாகப் போடும் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். சூடு மிஞ்சினால் மண்ணெண்ணெய் மாதிரி காரமும் தலைவலியும் தரும் கனமான ஆல்கஹால்கள் உண்டாகும். நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் க்வைக் என்ற ஈஸ்ட் 35 டிகிரிக்கு மேலும் நன்றாக வேலை செய்கிறது என்றாலும், பார்லியும் ஹாப்ஸும் மதுரைப் பக்கம் விளைவதில்லை. ஆகப் பரவையில் பீர் ஊறவைக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு ஃப்ரிட்ஜும், வரவழைக்கும் சாமானும், வாங்கும் வசதியும் வேண்டும்.

நம் வெக்கைக்கென்றே அமைந்த ஊறல் ஒன்று கண்மாய்க் கரையில் நிற்கிறது. பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சொட்டும் சாற்றைக் காற்றின் ஈஸ்டே பிடித்துக்கொள்கிறது. அடுப்பு வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஹாப்ஸ் வேண்டாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுப் பதநீர், தடவாவிட்டால் கள். காலையில் இறக்கும் கள் பீரின் பலம்தான் இருக்கும், பொழுது ஏற ஏறக் கூடும். பதநீர் இறக்குபவரைத் தொழிலாளி என்றும் கள் இறக்குபவரைக் குற்றவாளி என்றும் சட்டம் பிரிப்பது அந்த ஒரு பூச்சு சுண்ணாம்பை வைத்துத்தான். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் பாலக்காட்டில் அதே மரம், அதே பாளை, உரிமம் பெற்ற கள்ளுக்கடை. மாநில மரமான பனையைக் காக்க 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை தருவதாக அறிவித்தார்கள். மரத்தை வளர்த்துவிட்டு ஏறுபவனைச் சிறைக்கு அனுப்பினால் மரம் எப்படி நிற்கும்? கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்த கொடுமை நடந்தது உண்மை. கலந்தவர்கள் வியாபாரிகள், கடைக்கு விற்க. சொந்த வீட்டுக்கு இறக்கியவர் அல்ல.

எனவே வீட்டுப் பீருக்கு மட்டும் அனுமதி கேட்கும் குரலை என்னால் ஆதரிக்க முடியாது. ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவனுக்குப் பொழுதுபோக்கு, அரிவாளும் கலயமும் வைத்திருப்பவனுக்கு வழக்கு என்று ஆகிவிடும். கேட்க வேண்டியது ஊறல் முழுவதற்கும்: வீட்டுக்கு மாதம் இத்தனை லிட்டர், விற்பனை கூடாது, வடிப்பு அறவே கூடாது, தானியமோ பனையோ தென்னையோ பேதமில்லை. அரசியல் சாசனத்தில் மது மாநிலப் பட்டியலின் 8-ஆவது பொருள். இதற்கு டெல்லி போக வேண்டியதில்லை. மதுவிலக்குச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் ஒரு விலக்கு எழுதினால் போதும். அதை எழுதும் நாளில் முதல் பெயராகப் பார்லி வரக் கூடாது, பனை வர வேண்டும்.

அக்கா மகன் அடுத்த பொங்கலுக்கு வருகிறான். பார்லி விளையாத ஊரில் கேப்பை மால்ட்டில் பீர் வருமா என்று கேட்டிருக்கிறான். கேப்பையின் முளையிலும் நொதி உண்டு, பார்லியில் உள்ள அளவுக்கு இராது, வெந்நீரில் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். செய்து பார்ப்பதென்றால் சிங்கப்பூரில்தான் முடியும். அக்கா இப்போதே இரண்டு கிலோ கேப்பையை முளைகட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள், அவன் திரும்பிப் போகும்போது பெட்டியில் வைத்துவிட.