வரமா, வாணிபமா?

மீன் வாங்கச் செல்பவர் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். முறத்தில் கொட்டிய அரிசியில் கல் இருக்கிறதா என்று விரலால் துழாவிப் பார்க்கிறோம். ஆனால் மாதந்தோறும் ஐந்நூறும் அறுநூறும் கொட்டிக் கொடுத்து வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் பிராட்பேண்ட் இணைப்பின் ஒப்பந்தத்தை ஒரு வரியேனும் வாசித்துவிட்டுக் கையொப்பமிட்டவர் நம்முள் எத்தனை பேர்? இக்கேள்வியைப் பிறரை நோக்கி மட்டும் நாம் எழுப்பவில்லை. இக்குற்றத்தில் முதற்கூண்டில் நிற்க வேண்டியவர் நாமே என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்விஷயத்தில் நம்மவர் இரு சாராராய்ப் பிரிந்து நிற்கின்றனர். வந்த கம்பி வந்ததே என்று வாழ்நாளெல்லாம் அதனோடு கிடப்பவர் ஒரு சாரார். பத்து நாள் இணைப்பு அறுந்து கிடந்தாலும், "என்ன செய்வது, அவரும் மனிதர்தானே" என்று சொல்லிப் பணத்தை மட்டும் தவறாது கட்டிவிடுவார்கள். மின்கம்பத்தில் தொங்கும் தட்டியில் நூறு ரூபாய் குறைவு என்று கண்டதும், முன்பின் பாராது அடுத்தவரிடம் தாவுபவர் மறு சாரார். முன்னவர் தம் சோம்பலுக்குப் பொறுமை என்று பெயரிட்டுள்ளனர். பின்னவர் தம் அவசரத்துக்குச் சிக்கனம் என்று பெயரிட்டுள்ளனர். இரண்டும் பொய்ப் பெயர்களே.

இந்நிலை எங்கிருந்து வந்தது? நாடு விடுதலை பெற்ற பின் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் தொலைபேசி என்பது அரசுத் துறை ஒன்றின் தனியுரிமையாகவே இருந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தோம். தெருவில் ஒரு வணிகர் வீட்டில் கருவி இருந்தால், கொழும்பிலிருந்து வரும் டிரங்க் காலுக்காகத் தெருவே அவ்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். இணைப்புக் கிடைத்த நாளில் இனிப்பு வழங்கிய வீடுகள் உண்டு. கம்பியிழுக்க வந்த ஊழியருக்குத் தேநீரும் பலகாரமும் கொடுத்து, அவர் போகும்போது கையில் எதையேனும் திணித்து அனுப்பினோம். ஏனெனில் அது அன்று வாணிபமன்று, வரம்!

காலம் மாறிற்று. 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் இணையம் பொதுமக்களுக்குக் கிடைத்தது. 1997இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், அமைந்தது. 2000 அக்டோபர் முதல் நாள் அரசுத் துறையின் சேவைப் பிரிவே பி.எஸ்.என்.எல். என்னும் நிறுவனமாயிற்று. இன்று பைபர் கம்பியோடு நம் வாசலில் நிற்பவர் ஒருவரல்லர். அரசு நிறுவனமும் தனியார் நிறுவனங்களும் தெருக்கோடிக் கேபிள்காரரும் போட்டியிட்டு நிற்கின்றனர். ஆயினும் நம் மனம் மட்டும் அந்தத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. கூலி பெற்றுக்கொண்டு ஊழியம் செய்ய வேண்டியவரிடம், அருள் பெற வந்தவரைப்போல் கைகட்டி நிற்கிறோம். நோயின் வேர் இதுவே என்பது நமது துணிபு.

இனி நம் கதையைக் கூறுவோம். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டுவதன்று. சில ஆண்டுகளுக்கு முன், நம் வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்த தொலைபேசியைத் துண்டித்துவிட்டுப் புதிய பைபர் இணைப்பொன்றுக்கு மாறினோம். வீடு தேடி வந்த இளைஞர், "ஹஜ்ரத், கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். போட்டோம். மோடத்துக்கென்று முன்பணம் இரண்டாயிரம் கொடுத்தோம். ரசீது கேட்பது அவரை நம்பாதது போலாகுமே என்று கேளாதிருந்தோம். பழைய எண் என்னவாகும் என்றும் கேட்கவில்லை. புதிய எண்ணை நெருங்கியவர்களுக்குச் சொன்னோம், தொலைவிலிருந்தோரை மறந்தோம்.

ஓதிய காலத்துத் தோழர் ஒருவர் கொழும்பில் வாழ்ந்து வந்தார். ஆண்டுக்கு இருமுறை, இரு பெருநாள்களிலும், அவருடைய அழைப்பு தவறாது வரும். அவருடைய குறிப்பேட்டில் இருந்தது நம் பழைய எண் ஒன்றே. அவர் வஃபாத்தான அன்று அவருடைய மக்கள் அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கின்றனர். செத்துப்போன எண் என்ன பதில் சொல்லும்? அங்கிருந்து வந்த பயணி ஒருவர் வாயிலாக, எட்டு நாள் கழித்து நமக்குச் செய்தி எட்டியது. நாற்பதாண்டு நட்பின் கடைசி அழைப்பை நாம் ஏற்கவில்லை. நிறுவனத்தை நொந்து என்ன பயன்? கேட்க வேண்டியதைக் கேளாதவர் நாம்.

அதன்பின் அந்தப் புதிய இணைப்பும் அடிக்கடி அறுந்தது. விலகினோம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ரசீது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இரண்டாயிரத்துக்காக ஒரு மதரஸா ஆசிரியர் அலைகிறாரே என்று ஊர் பேசுமோ என அஞ்சி விட்டுவிட்டோம். அது கண்ணியமன்று, கண்ணியத்தின் சட்டையை மாட்டிக்கொண்ட கோழைமை.

"இதுவும் ஒரு பெரிய விஷயமா? ஆலிம்கள் பேச வேறொன்றும் இல்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கலுக்கென்று நெடிய பகுதிகள் உள்ளன. அங்கு 'இஜாரா' என்றொரு பாடம் உண்டு. பொருளை விற்பதன்று அது. பொருளின் பயனைக் கூலிக்குக் கொடுப்பது. வாடகைக்கு விட்ட வீடு இடிந்து வீழ்ந்து குடியிருக்க வழியற்றுப் போனால், அன்று முதல் வாடகை கேட்கும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. பயன் இருந்தாலன்றோ கூலி! இணையக் கம்பியும் இவ்வினத்ததே. சுவரில் கம்பி தொங்குவதற்கா பணம் கொடுக்கிறோம்? அதன் வழியே வரும் பயனுக்கன்றோ கொடுக்கிறோம்? அப்பயன் அறுந்த நாள்களுக்குக் கழிவு கேட்பது உரிமையே அன்றி அற்பத்தனமன்று. வாங்கிய பொருளில் மறைந்த குறை வெளிப்பட்டால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமைக்குக் 'கியார்' என்று பெயரிட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கி வைத்தவர்களின் மாணவர்கள், முறிக்க வெட்கப்படுவது விந்தையினும் விந்தை!

ஆனால் தாவுகிற சாராரும் நம்மிடமிருந்து தப்ப முடியாது. அவர்கள் பார்ப்பது விலையை; விலையையும் முழுவதும் பார்ப்பதில்லை. தட்டியில் 499 என்று எழுதியிருந்தால், 18 விழுக்காடு வரி சேர்ந்து கட்ட வேண்டியது 588 ரூபாய் 82 காசு. "இணைப்புக் கட்டணம் இலவசம்" என்பதன் கீழே, ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டினால்தான் என்று சிற்றெழுத்தில் இருக்கும். முன்கூட்டிக் கட்டியவர் மூன்றாம் மாதம் விலக நினைத்தால், எஞ்சிய பணம் திரும்புமா? அதைக் கேட்டவர் யார்?

வேகத்தின் கணக்கும் அவ்வாறே. 100 எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்கு 100 மெகாபைட் என்று பலர் எண்ணுகின்றனர். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட்டே அதன் உச்சம். பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் 256 கே.பி.பி.எஸ். ஆக இருந்தது, 2023இல் அது 2 எம்.பி.பி.எஸ். ஆயிற்று. எனவே 'பிராட்பேண்ட்' என்ற சொல் மட்டும் நமக்குப் பெரிதாக எதையும் உறுதி செய்வதில்லை. அன்றியும், வீடுகளுக்கு வரும் பைபர் முறையில் பொதுவாக ஓர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. பகலில் பறக்கும் இணையம், தெருவே படம் பார்க்கும் இரவு நேரத்தில் தவழலாம். ஆகவே நிறுவனத்தின் துண்டறிக்கையை நம்பாது, அதே இணைப்பை வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம், "இஷாவுக்குப் பின் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டறிவதே அறிவுடைமை.

வேறொன்றும் உண்டு. நிறுவனத்தைப் பழிக்குமுன் வீட்டையும் சோதிக்க வேண்டும். மோடத்தை இரும்பு அலமாரிக்குப் பின்னே ஒளித்து வைத்துவிட்டு, மூன்று சுவர்களுக்கு அப்பால் படுத்திருந்து "வைஃபை வரவில்லை" என்று ஏசுவது நீதியன்று. மோடத்திலிருந்து நேரே கணினிக்குக் கம்பி பொருத்தி வேகத்தை அளந்து பாருங்கள். அங்கும் குறைந்தால் குற்றம் அவர்களுடையது. அங்கே சரியாக இருந்தால் குற்றம் நம் அலமாரியுடையது.

முதியோர் இருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. ஆதலால் வீட்டில் விளக்கணைந்தாலும் அது பேசும். பைபர் வழித் தொலைபேசியோ நம் வீட்டு மின்சாரத்தை நம்பியிருப்பது. புயல் நாளில் மின்சாரம் போனால், மோடத்துக்கென்று சிறு மின்கலம் வைத்திராத வீட்டில் தொலைபேசியும் போய்விடும். உம்மா தனித்திருக்கும் வீட்டில் இணைப்பை மாற்றும் பிள்ளைகள், நூறு ரூபாய் மிச்சத்தைக் கணக்கிடுமுன் இதனைக் கணக்கிட வேண்டாமா?

"தெருக்கோடிக் கேபிள்காரர் நம் பிள்ளை, அவரை விட்டுப் போனால் முகத்தில் விழிப்பது எங்ஙனம்?" என்பது அடுத்த வாதம். உறவைப் பேணுவது நற்பண்பே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உறவுக்காரர் என்பதற்காக அவருடைய குறையை அவரிடம் சொல்லாதிருப்பது உறவைப் பேணுவதாகாது. முதலில் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள், திருத்த அவகாசம் கொடுங்கள். திருந்தினால் தங்குங்கள், திருந்தாவிடின் முகமலர்ச்சியோடு விலகுங்கள். வாடிக்கையாளர் விலகுவார் என்ற அச்சமே வணிகரை நேர்மையாய் வைத்திருக்கும் கயிறு. அக்கயிற்றை நம் தாட்சண்யத்தால் நாமே அறுத்துவிட்டு, "சேவை கெட்டுவிட்டது" என்று புலம்புகிறோம்.

புகார் செய்யும் வழி அறியாமையும் நம் குறையே. நிறுவனத்தின் புகார் நிலையத்தில் சொல்லி, புகார் எண்ணைப் பெற்றுக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத புகார் காற்றில் எழுதிய எழுத்து. அங்கு தீராவிடின், 30 நாள்களுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அவர் 39 நாள்களுக்குள் முடிவு கூற வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு விதிகள். அதற்குமேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்குகள் அங்கே செல்லா என்று முன்பு தடை கூறப்பட்டதுண்டு. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தடை இல்லை என்று தெளிவாக்கிவிட்டது. ஐந்து லட்ச ரூபாய் வரை கொடுத்துப் பெற்ற சேவைக்கு அங்கே கட்டணமும் இல்லை; வக்கீலும் கட்டாயமில்லை. வேண்டுவன ரசீதும் துணிவுமே. ரசீதும் துணிவும் இல்லாதிருந்த காரணத்தால் தோற்றவர் எழுதுகிறோம், நம்புங்கள்.

இவ்வளவும் குடும்பங்களுக்கு. இனி அரசுக்கும் ஆணையத்துக்கும் ஒன்று. 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை வந்தது. அதன்பின் கைபேசி நிறுவனங்கள் வாடிக்கையாளரை எவ்வளவு பணிவோடு தேடி வந்தன என்பதை யாவரும் கண்டோம். வீட்டுத் தொலைபேசிக்கோ அந்த உரிமை வழங்கப்படவில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமே வீட்டு எண்ணுக்கும் அதை விதித்தது. பிரிட்டனில் வீட்டு எண்ணை உடன்கொண்டு போகலாம் என்பதோடு, 2024 செப்டம்பர் 12 முதல் புதிய நிறுவனத்திடம் சொன்னால் போதும். பழையதிடமிருந்து விடுவிக்கும் வேலையை அதுவே செய்யும். இங்கோ வீட்டு எண் நிறுவனத்தின் பிணைக்கைதியாய் இருக்கிறது. கால்நூற்றாண்டு ஒரு குடும்பத்தின் பெயரோடு வாழ்ந்த எண் யாருடையது? கம்பி இழுத்தவருடையதா, அந்தக் கம்பியில் அழுதும் சிரித்தும் வாழ்ந்தவருடையதா?

அந்த உரிமை வரும்வரை நாமே நம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். இணைப்பை மாற்றுமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டு, ஐந்துக்கும் விடையை எழுத்தில் பெறுங்கள்: வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை மாதம் கட்டுண்டிருக்க வேண்டும்? இடையில் விலகினால் எது திரும்பும், எது திரும்பாது? பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வீர்கள், அந்நாள்களுக்குக் கழிவு உண்டா? நம் பழைய எண் என்னவாகும்? புதியது வந்து சீராக ஓடுவதைக் கண்ட பின்னரே பழையதைத் துண்டியுங்கள். துண்டிக்குமுன், வீட்டுப் பெரியவர்களின் குறிப்பேட்டை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொருவருக்கும் புதிய எண்ணைச் சொல்லுங்கள். கொழும்பில் இருப்பவருக்கும் சொல்லுங்கள். ஆண்டுக்கு இருமுறையே அழைப்பவருக்கும் சொல்லுங்கள்.

கேட்பது அவமானமன்று. விலகுவது நன்றிகேடன்று. அது வரமாக இருந்த காலம் போயிற்று. வாணிபம் என்றானபின் வாணிபத்தின் அறத்தை இருதரப்பும் ஏற்றாக வேண்டும். அவர்கள் ஏற்கும்படி செய்ய வேண்டுமாயின், முதலில் நாம் திண்ணையை விட்டு எழுந்திருப்போம்.